நான்தான் இறங்கச் சொன்னேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. தொடங்கியது ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில்; முடிந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி அறையில். முடிந்தது என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

என் கணவரின் அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர் கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவில் இருக்கிறார். மதினியின் கணவருக்கு அங்கே மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கும் வேலை. "வாங்க, வாங்க" என்று பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அந்த வருடம் மே மாத லீவுக்கு டிக்கெட்டையே எடுத்து அனுப்பிவிட்டார். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கடலில் குப்புற மிதந்தால் கீழே பவளப்பாறையும் கலர் கலரான மீன்களும் தெரியுமாம். மதினி அதை வீடியோவில் காட்டிய நாளிலிருந்து பாப்பாவுக்கு வேறு பேச்சே இல்லை.

எனக்கோ தூக்கம் போனது. நான் பயந்த சுபாவம். அய்யனார் அருவிக்குப் போனால்கூட தண்ணீர் விழும் இடத்துக்கு இருபதடி தள்ளிப் பாப்பாவை நிறுத்தி, சொம்பில் மொண்டு ஊற்றிக் கூட்டி வருகிறவள். அதனால் எந்த இடத்தில் பாப்பாவைக் கடலில் இறக்குவது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். மதினி மூன்று இடங்கள் சொன்னார். ஒன்று, ஆமைகள் மேய வரும் விரிகுடா. இரண்டாவது, படகில் போய் நடுக்கடலில் இறங்குவது. அங்கேதான் பவளப்பாறை அழகு என்றார். மூன்றாவது, இரண்டு பக்கமும் பாறை மறித்து நிற்கும் ஒரு சின்னக் கடற்கரை. அலை கிடையாது, ஆனால் மீன் குறைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஆழம், அலை, இழுப்பு, சொறிமீன், நிழல், கழிப்பறை, காவலுக்கு ஆள் உண்டா, பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்.

சாயங்காலம் இங்கே நான் இட்லிக்கு மாவு அரைக்கும் நேரம், அங்கே மதினிக்குக் காலை. தினமும் ஒரு கேள்வியாவது கேட்பேன்.

"ஏட்டி, பொண்ணு பாக்கப் போறவிய கூட இம்புட்டு விசாரிக்க மாட்டாக. கடலுக்கு நல்ல குடும்பமான்னு மட்டுந்தான் நீ இன்னும் கேக்கல" என்று மதினி சிரிப்பார்.

என் கணவர் அவர் பங்குக்கு, "அக்கா, அங்க இருக்கிற மீனுக்கெல்லாம் தடுப்பூசி போட்டாச்சான்னு கேக்கச் சொல்லுதா" என்று பின்னாலிருந்து கத்துவார்.

அவர் தண்ணீரில் பிறந்தவர் மாதிரி. சின்ன வயதிலிருந்து தோட்டத்துக் கிணறுகளில் குதித்துப் பழகியவர். எங்களுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு சின்னத் தறிக்கூடம் உண்டு. அதில் வாரத்துக்கு ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஓய்வு நாளில் பாப்பாவை பைக்கில் வைத்துக்கொண்டு வன்னியம்பட்டியில் நண்பர் தோட்டத்துக்குப் போய்விடுவார். அங்கே பம்புசெட் தொட்டியில் கண்ணாடியும் குழாயும் மாட்டிப் பயிற்சி. தோட்டக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்களாம். "அந்தக் கடலுக்கு எங்க தொட்டியிலயா டெஸ்ட்டு?" என்று ஒருவர் கேட்டதை இருவரும் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினார்கள்.

கடைசியில் நான் மூன்றாவது இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். மீன் குறைவாக இருந்தால் இருக்கட்டும்.

புறப்பட எட்டு நாள் இருக்கும்போது எனக்கு நாள் தள்ளிப்போயிருப்பது உறைத்தது. பார்த்தால், ஆமாம். பாப்பாவுக்கு அப்புறம் ஐந்து வருடமாக நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த விஷயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு முதல் பிரசவம் பார்த்த டாக்டரிடமே போனோம். எல்லாம் நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போய் வரலாம் என்றார். விமானத்தில் நடுநடுவே எழுந்து நடக்கச் சொன்னார். நான் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், சொல்லவில்லை. மூன்று மாதம் கழியட்டும் என்று இருவரும் பேசிக்கொண்டோம். அது பாதிக் காரணம்தான். சொன்னால் அத்தை விடமாட்டார். அதுவும் எங்களை அல்ல, தன் மகனை. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் கடலில் இறங்கக் கூடாது என்பது அத்தைக்கு அசைக்க முடியாத விஷயம். எதிர் வீட்டுப் பையனின் மனைவி மாசமாக இருந்தபோது, திருச்செந்தூருக்குக் கிளம்பிய அந்தப் பையனை வாசலில் மறித்து, "சாமி கும்பிடு, கோயில் கிணத்துத் தண்ணியில குளி. கடல்ல மட்டும் காலை வச்சிராத" என்று சத்தியம் வாங்கிய பிறகுதான் வேனில் ஏறவிட்டார்.

நான் விலங்கியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். இந்த மாதிரிப் பேச்சை எல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறவள் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அன்று, சட்டையை மடித்தபடி என் கணவர் கேட்டார். "ஏம்மா, நான் கடல்ல எறங்கலாமா?"

"ஏன், என்ன?"

"அம்மா சொல்லுவாகல்ல."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி அனுப்புறவுக பேசுற பேச்சா இது? அடுத்த லோடுல துணியோட தாயத்தையும் வச்சுக் கட்டி அனுப்புங்க."

"கிண்டல் பண்ணாத. எனக்கும் நம்பிக்கை கிடையாது. ஆனா மனசு ஒரு மாதிரியா இருக்கு. நான் கரையில இருந்துக்கிடுதேன். பாப்பாவை அக்கா வீட்டு அத்தான் கூட்டிட்டுப் போகட்டும்."

"அவுகளுக்கு நீச்சல் எம்புட்டு வரும்னு எனக்குத் தெரியாது. வேற யாரையும் நம்பி என்னால அனுப்ப முடியாது. நீங்க எறங்கலைன்னா பாப்பாவும் எறங்க வேண்டாம். கண்ணாடியை எடுத்துப் பரண்ல போடுங்க."

மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தார். பாப்பா வெளியே அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி. நீ சொல்லுத. எறங்குதேன்" என்றார்.

இந்த வார்த்தைகளை நான் அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

தீவுக்குப் போன நான்காம் நாள் அந்தச் சின்னக் கடற்கரைக்குப் போனோம். நான் எழுதி வைத்திருந்தது போலவே இருந்தது. அலை இல்லை. நிழலுக்கு மரம் இருந்தது. மதினியும் நானும் துண்டை விரித்து உட்கார்ந்தோம். என் கணவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று எனக்குக் கைகாட்டினார். பிறகு பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்தார். தண்ணீருக்கு மேலே இரண்டு குழாய்கள் மட்டும், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. நான் அந்தச் சின்னக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி எனக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றும் காதில் விழவில்லை.

அரை மணி நேரம் கழித்து வந்தார்கள். பாப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, பேச்சும் நிற்கவில்லை. "அம்மா, மஞ்ச மீனும்மா! அது என்னையப் பாத்துச்சும்மா!" அவர் கண்ணாடியைக் கழற்றிய முகத்தை நான் மறக்கவே மாட்டேன். கண்ணைச் சுற்றி ரப்பர் அழுத்திய வட்டம். கல்யாணத்தன்று எடுத்த போட்டோவில்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. மதினி பாப்பாவைத் துடைக்கப் போனதும் என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, "அடுத்த தடவ நாலு பேரா வரணும்" என்றார்.

ஊருக்குத் திரும்பிப் பன்னிரண்டாவது நாள். பள்ளிக்கூடம் திறந்திருந்தது. பாப்பாவை வேனில் ஏற்றிவிட்டு வந்து துணி நனைத்துக்கொண்டிருந்தேன். அடிவயிற்றில் ஒரு பிடிப்பு. அப்புறம் ரத்தம். தறிக்கூடத்துக்குப் போன் செய்தேன். அத்தையிடம் வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் கொண்டுவந்த காரில் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை அவர் ஒரு கையால் வண்டி ஓட்டி, ஒரு கையால் என் கையைப் பிடித்திருந்தார்.

டாக்டர் ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது.

"துடிப்பு இல்லம்மா" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஆரம்பத்தில் இப்படி ஆவது நிறையப் பேருக்கு நடக்கிறது, கருவிலேயே ஏதோ குறை இருந்திருக்கும், விமானமோ அலைச்சலோ சாப்பாடோ காரணம் இல்லை, யார் மேலும் தப்பு இல்லை. இதெல்லாம் நான் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பாடம் நடத்தியதுதான்.

மத்தியானம் அத்தை பஸ் பிடித்து வந்துவிட்டார். ஒரு கையில் வெந்நீர் பிளாஸ்க், ஒரு கையில் எனக்கு மாற்றுச் சேலை. யார் சொன்னார்களோ, வரும்போதே விஷயம் தெரிந்திருந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவிக் கொடுத்தார். "எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். சொன்னேன். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். மடக்கிய விரல் அப்படியே நின்றது. நிமிர்ந்து, ஜன்னலோரம் நின்ற மகனைப் பார்த்தார்.

"ஏலே, அப்பம் இது வயித்துல இருக்கும்போது நீ அங்க கடல்ல எறங்குனியா?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு நொடி. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வையாகக்கூட இருந்திருக்கலாம்.

நான் அத்தையைப் பார்த்துச் சொன்னேன். "ஆமா அத்தை. எறங்குனாக."

அதில் பொய் எதுவும் இல்லை. 'நான்தான் இறங்கச் சொன்னேன்' என்று அடுத்த வரியை மட்டும் நான் சொல்லவில்லை.

அத்தை எழுந்துவிட்டார். "ஒனக்குத் தெரியாதாலே? நாலு எழுத்து படிச்சுட்டா நாங்க சொல்லுதது ஒனக்குக் கேலியாப் போச்சா? அந்த மீனைப் பாக்காட்டி நீ செத்தா போயிருவ?" பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை அழுதுகொண்டே திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார்.

"தெரியும்மா. தப்புதான்" என்றார் என் கணவர். என் கால்மாட்டில் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டு, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்த நொடியில் கடலில் இறங்கியதுதான் காரணம் என்று நான் நம்பினேனா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். பாப்பாவுக்குப் பத்திரமான இடம் எது என்று மூன்று மாதம் நோட்டுப் போட்டுத் தேடியவள், எனக்குப் பத்திரமான இடத்தை ஒரே நொடியில் கண்டுபிடித்தேன். அது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் தண்ணீர் பக்கம் போகவில்லை. கண்ணாடியையும் குழாயையும் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். ஓய்வு நாளில் பாப்பா "தோட்டத்துக்குப் போலாமாப்பா?" என்று கேட்டால், தறியில் வேலை இருக்கிறது என்பார். கோயில் குளம் என்று போகாத மனிதர், அத்தை சொன்னதற்காக ஒவ்வொரு திங்கட்கிழமையும் மடவார் வளாகம் சிவன் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தார். ஒரு பெண்ணுக்கு வந்து பிரசவம் பார்த்த சாமி என்று அங்கே ஐதீகம். மழை பெய்த திங்களிலும் போனார். நெற்றியில் விபூதியோடு வந்து சாப்பிட உட்காரும்போது நான் தோசையைத் தட்டில் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவேன்.

அத்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. ஒரு நாள் அத்தைக்குப் பிரஷர் கூடியிருந்தது, இன்றைக்கு வேண்டாம் என்றிருந்தேன். ஒரு நாள் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆடிப்பூரத் தேருக்குப் போய்வந்த அன்று சொல்லலாம் என்று நினைத்தேன்; அத்தை ரொம்ப சந்தோஷமாக இருந்தார், அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். இதற்கும் அலை இல்லாத, ஆழம் இல்லாத ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

போன வருடம் காலாண்டு லீவில் எல்லோரும் திருச்செந்தூர் போனோம். அத்தையும் நானும் பாப்பாவும் கடலில் இறங்கினோம். அவர் கரையில் எங்கள் செருப்பையும் பைகளையும் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, வாங்கப்பா! இங்கயும் மீனு இருக்கும்பா!" என்று பாப்பா கத்தினாள்.

அத்தையே சொன்னார். "இப்பத்தான் ஒண்ணும் இல்லையே. சும்மா வந்து ஒரு முங்கு முங்கிட்டுப் போயேம்லே."

"இல்லம்மா, நீங்க குளிங்க. நான் துணிமணியைப் பாத்துக்கிடுதேன்."

அத்தனை பேர் குளிக்கிற கரையில், பேண்ட்டை மடித்துவிடக்கூட இல்லாமல், தண்ணீர் ஏறி வரும்போதெல்லாம் அவர் இரண்டடி பின்னால் போனார். அலை திரும்பியதும் பழைய இடத்துக்கு வந்தார். மறுபடி அலை வந்தது. மறுபடி பின்னால் போனார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அலைக்குப் பயந்து அத்தையும் நானும் கை கோர்த்துக்கொண்டு நின்றோம். "அத்தை, அவிய எறங்க மாட்டேன்னுதான் சொன்னாக. நான்தான் எறங்கச் சொன்னேன்" என்றேன்.

"என்னது?"

அலைச் சத்தத்தில் கேட்டிருக்காது. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை கத்திச் சொன்னேன். பக்கத்தில் குளித்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அத்தை என் கையை விடவில்லை. ஆனால் என்னைப் பார்க்கவும் இல்லை. இன்னும் இரண்டு அலை வந்து போனது. பிறகு "கரைக்குப் போலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை மகனைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார். "நீ ஏம்லே எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி என்னம்மா ஆகப் போகுது. அன்னைக்கு அவளுக்கு எம்புட்டு வலி."

அத்தை எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு ஒரு வாரம் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு வர வேண்டியதுதான்.

எனக்கு வலித்தது வேறு. அறையில் தனியாக இருந்தபோது அவரிடம், "என்னை மன்னிச்சிருங்க" என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைத்த முகத்தோடு, "எதுக்கும்மா இப்ப சொன்ன? நான் அதுக்குப் பழகிட்டேனே" என்றார்.

ஒரு வருடமாக அவர் அதைச் சுமந்தது எனக்காக மட்டும் இல்லை. நடுவில் எங்கேயோ, தான்தான் காரணம் என்று அவர் உண்மையாகவே நம்பத் தொடங்கிவிட்டார். டாக்டர் சொன்னதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தலையாட்டுகிறார். திங்கட்கிழமை வந்தால் பைக்கை எடுக்கிறார். நான் அன்றைக்கே அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால், அத்தை என்னையும் சேர்த்துத் திட்டியிருப்பார். இருவரும் சேர்ந்து வாங்கியிருப்போம். அன்று சாயங்காலமே அது பாதியாகக் குறைந்திருக்கும். இப்போது என் பங்கை எடுத்துக்கொள்ள நான் கை நீட்டுகிறேன். அவருக்கு இறக்கி வைக்கத் தெரியவில்லை.

போன மாதம் பாப்பாவின் பிடிவாதத்தால் வன்னியம்பட்டித் தோட்டத்துக்குப் போனோம். பாப்பா தொட்டியில் குதித்தாள். அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டிருந்தார். முழங்கால் வரை. இறங்குங்கள் என்று சொல்லும் உரிமையை இழந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இதைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பலாமா என்று அவரிடம் கேட்டேன். சொல்லாமல் விட்டு ஒரு தப்பு செய்தாயிற்று, சொல்லி இன்னொன்று செய்கிறேனோ என்று இப்போதும் பயம். வாங்கி முழுவதும் படித்தார். ஆஸ்பத்திரி வரும் பக்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சின்னக் கடற்கரை வரும் இடத்தில் விரலை வைத்து, "இது இடுப்பளவு இல்லம்மா, நெஞ்சளவு. மண்ணு வேற காலுக்குக் கீழ இழுத்துட்டு இருந்துச்சு. நீ பயப்படுவேன்னுதான் கையைத் தூக்கிக் காட்டுனேன்" என்றார்.

அந்த வரியை நான் திருத்தவில்லை. மரநிழலில் பத்திரமாக உட்கார்ந்திருந்த எனக்கு அது இடுப்பளவாகத்தான் தெரிந்தது. அவர் எவ்வளவு ஆழத்தில் நின்றுகொண்டு எனக்குக் கைகாட்டினார் என்பதை அன்றும் நான் பார்க்கவில்லை, அதன் பிறகும் வெகுநாள் பார்க்கவில்லை.